தத்துவமும் இலக்கணமும் யோசிக்கக் கத்துக்கொடுக்குமா? மணிமேகலையையும் நன்னூலையும் வச்சு ஒரு பதில்

கேள்வி இதுதான்: "தத்துவம் படிச்சா, மொழியை ஒழுங்கா படிச்சா கிரிட்டிக்கல் திங்கிங் வரும், டீமா வேலை பாக்க வரும், கத்துக்கிற திறமை வளரும்னு சொல்றாங்க. தமிழ்ல இதுக்கு உருப்படியா ஏதாவது இருக்கா, இல்ல வழக்கமான பழம்பெருமை பேச்சுதானா?"

பழம்பெருமை பேச்சும் நிறைய இருக்கு, உருப்படியானதும் இருக்கு, ரெண்டும் வேற வேற எடத்துல இருக்கு. இந்த மாதிரி கேள்வி வந்தா ஆளாளுக்கு "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" குறளை எடுத்துப் போட்டுட்டு போயிடுவாங்க. நல்ல குறள்தான், ஆனா மெய்ப்பொருளைக் காணணும்னு சொல்லுதே தவிர எப்படிக் காணறதுன்னு சொல்ல ரெண்டு அடியில எடம் ஏது. அந்த "எப்படி"க்கு நீங்க போக வேண்டியது மணிமேகலைக் காப்பியத்தோட கடைசி நாலு காதைக்கும் (காதைன்னா அத்தியாயம்) நன்னூல்ங்கற இலக்கண நூலோட பொதுப்பாயிரத்துக்கும் (அதாவது முன்னுரைப் பகுதிக்கும்). ஸ்கூல்ல முதல்ல சொன்னதை நடத்தவே மாட்டாங்க, ரெண்டாவதுல கொஞ்சத்தை ரெண்டு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ண வச்சிடுவாங்க. என் கட்சி என்னன்னா, இந்த ரெண்டு நூலும் யோசிக்கறதை ஒரு தனி ஆளோட தலைக்குள்ள நடக்கிற வேலையா பாக்கவே இல்ல. எதிர்ல மறுத்துப் பேச ஒருத்தன் இருக்கணும், பக்கத்துல கூடப் படிக்க ஒருத்தன் இருக்கணும், அப்பதான் வாதமும் நிக்கும் படிப்பும் நிக்கும்னு வச்சுதான் ரெண்டும் பேசுது.

27ஆம் காதையில கதாநாயகி மணிமேகலை வஞ்சி நகரத்துக்குப் போறா. அளவைவாதியில ஆரம்பிச்சு சைவவாதி, பிரமவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், கடைசியா பூதவாதி வரைக்கும் வரிசையா ஒவ்வொருத்தர் கிட்டயும் "உன் கொள்கை என்ன, சொல்லு"ன்னு கேக்கறா. கேக்கறா, அவ்வளவுதான், பெரும்பாலான எடத்துல சண்டை போடறதில்ல. பூதவாதி கிட்ட மட்டும் ஒரு மோதல். கண்ணால காணறது மட்டும்தான் பிரமாணம், அதாவது ஆதாரம்னு பேசற அந்த ஆளு, அவளோட முற்பிறப்பு நினைவையெல்லாம் மயக்கம்னு தள்ளிவிடறான். அவ கேக்கறது ஒரே கேள்வி: உன் அப்பா அம்மா இவங்கதான்னு அனுமானத்தால இல்லாம வேற எப்படி உனக்குத் தெரியும்? நீ பொறந்ததை நீ பாத்தியா என்ன. அதுக்கு மேல அங்க பேச்சு நகரல.

இதுல மணிமேகலையை எழுதின சாத்தனார் நடுநிலைன்னு நினைச்சிடாதீங்க. அவர் பக்கா பௌத்தக் கட்சி, மத்தவங்களுக்குக் கொடுக்கிற எடம் கம்மி, எல்லாரும் பேசி முடிச்ச பிறகு கதாநாயகி எங்க போய்ச் சேருவான்னு நமக்கு முன்னாடியே தெரியும். ஆனா அப்படி ஒரு கட்சிக்காரரே எதிர்க்கட்சிக்காரங்க பத்து பேரை அவங்கவங்க சொல்லுலயே நிக்க வச்சுப் பேச விட்டுட்டுதான் தன் கொள்கைக்கு வர்றாருங்கறது சின்ன விஷயமில்ல. இன்னொண்ணு, அவ பொண்ணா போகல, மாதவன் வேஷத்துல போறா. "இளையள் வளையோள் என்று உனக்கு யாவரும் விளைபொருள் உரையார்"னு காரணம் சொல்லப்படுது, சின்னப் பொண்ணு, வளையல் போட்டவன்னு உனக்கு எவனும் விஷயத்தைச் சொல்ல மாட்டான், வேற உரு எடுத்துக்கோன்னு. எங்க டீம் மீட்டிங்ல ஒரு பொண்ணு சொன்ன ஐடியாவை யாரும் கண்டுக்காம, பத்து நிமிஷம் கழிச்சு அதையே ஒரு சீனியர் சொன்னதும் எல்லாரும் தலையாட்டினதைப் பாத்தப்போ எனக்கு இந்த வரிதான் ஞாபகம் வந்துச்சு. யார் சொல்றாங்கங்கறதைப் பொறுத்து காது திறக்குதுன்னா அங்க தர்க்கம் எவ்வளவு தெரிஞ்சும் பிரயோஜனமில்ல, சாத்தனாருக்கு அது தெரிஞ்சிருக்கு.

இப்ப 29ஆம் காதை. இதுதான் நடு மையம், இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க, ஏன்னா படிக்கவே கரடுமுரடா இருக்கும். காஞ்சியில அறவண அடிகள்ங்கற பௌத்தத் துறவி மணிமேகலைக்கு பௌத்தத் தர்க்கத்தை நடத்தறாரு. ஒரு வாதத்தை எப்படிக் கட்டணும்னா: இந்த மலையில நெருப்பு இருக்கு (இது பக்கம், அதாவது நாம நிறுவ வேண்டியது), ஏன்னா புகை இருக்கு (ஏது), அடுக்களை மாதிரி (திட்டாந்தம்), இந்த மலையிலயும் புகை இருக்கு (உபநயம்), புகை இருக்கிறதுனால நெருப்பும் இருக்கு (நிகமனம்). பள்ளிக்கூட கணக்கு மாதிரி இருக்கேன்னு தோணும். ஆனா அவர் இதோட நிறுத்தல, அடுத்து இது எங்கெல்லாம் புட்டுக்கும்னு வரிசை போடறாரு, பாதிக் காதை அதுக்குத்தான். பக்கப்போலி 9, ஏதுப்போலி மூணு வகையில 14, திட்டாந்தப்போலி 10, ஆக மொத்தம் 33 வழியில ஒரு வாதம் வாதம் மாதிரியே இருந்துக்கிட்டு வாதமா இல்லாம போகலாம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு, ஒரு உதாரணம். "என் தாய் மலடி"ன்னு ஒருத்தன் சொன்னா அது சுவசன விருத்தம், சொன்ன வாயாலயே தன்னை வெட்டிக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சித்தாசித்தம். ஆவியா பனியான்னு சந்தேகமா இருக்கிற ஒண்ணைப் பாத்துட்டு, அது புகைதான், அதனால நெருப்பு இருக்குன்னு அடிச்சுச் சொல்றது. கவனிங்க, இங்க தர்க்கத்துல தப்பே இல்ல. புகை இருந்தா நெருப்பு இருக்கும்ங்கறது சரிதான். தப்பு எங்கன்னா, நீ பாத்தது புகையான்னே இன்னும் முடிவாகல. நாங்க சில பேர் சேர்ந்து ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இதைப் படிச்சுக்கிட்டு இருந்தோம், அதுல ஒருத்தருக்கு அந்த நேரம் பாத்து சொந்தக்காரங்க குரூப்ல இருந்து ஒரு வாட்ஸ்அப் வந்துச்சு. காலையில வெறும் வயித்துல வெந்நீர் குடிச்சு ஒருத்தருக்கு சுகர் குறைஞ்சிடுச்சு, அதனால எல்லாரும் குடிங்கன்னு. அவர் ஃபோனை நடுவுல வச்சாரு, சரி இதை உடைங்கன்னு. மொதல்ல எல்லாரும் "சயின்ஸ் இல்ல", "சும்மா ரீல்"னு பொதுவா திட்டினோம், அது ஒண்ணும் விமர்சன சிந்தனை இல்ல, வெறும் எரிச்சல். அப்புறம் வரிசையா போனோம். ஏது என்ன? "சுகர் குறைஞ்சது." அது நிச்சயமா? எப்ப டெஸ்ட் எடுத்தாங்க, சாப்பாட்டுக்கு முன்னாலயா பின்னாலயா, மாத்திரையை மாத்தினாங்களா, அந்த மாசம் நடக்க ஆரம்பிச்சாங்களா, ஒண்ணும் தெரியாது. ஆக ஆவியா பனியா புகையான்னே தெரியல, நெருப்புக்குத் தாவியாச்சு. இதுல சுவாரசியம் என்னன்னா, அந்த சொந்தக்காரர் கிட்ட "இது பொய்"னு சொல்லாம, "அப்ப மாத்திரை என்ன எடுத்தாங்க மாமா?"ன்னு ஒரே ஒரு கேள்வி திருப்பி அனுப்பினாரு நம்மாளு. மாமா கோச்சுக்கல, விசாரிச்சுச் சொல்றேன்னுட்டாரு. தப்புக்கு சரியான பேரு தெரிஞ்சா எந்த எடத்துல கேள்வி வைக்கணும்னு தெரியுது, மொத்த ஆளையும் முட்டாள்னு சொல்ல வேண்டிய தேவை இல்லாம போகுது.

மொழி இங்கதான் உள்ள வருது. மொழி நம்ம சிந்தனையையே அடைச்சு வச்சிருக்கு, ஒரு மொழியில இல்லாததை அந்த மொழிக்காரன் யோசிக்கவே முடியாதுன்னு ஒரு பெரிய தியரி உண்டு, அதை அந்த அளவுக்கு இன்னைக்கு மொழியியல்காரங்க ஏத்துக்கறதில்ல, நானும் ஏத்துக்கல. நான் சொல்றது அதைவிட சின்ன விஷயம். ஒரு தப்புக்கு நாலு பேருக்குப் பொதுவா ஒரு பேரு இருந்தா, அதை அந்த நாலு பேரும் சேர்ந்து பிடிக்கலாம். பேரு இல்லைன்னா ஒவ்வொருத்தனுக்கும் "என்னமோ இடிக்குதே"ங்கற உணர்ச்சி மட்டும்தான் மிஞ்சும், அதை அடுத்தவன் கையில கொடுக்க முடியாது.

ஏதுப்போலியில இன்னும் ரெண்டு சொல்லணும், ஆபீஸ்ல தினமும் பாக்கறது. ஒண்ணு அன்னியதராசித்தம், உன் காரணத்தை எதிராளி காரணமாவே ஒத்துக்கல. "கிளையன்ட் இதைத்தான் விரும்புவாங்க, அதனால இந்த டிசைன்"னு ஒருத்தர் ஒரு மணி நேரம் பேசுவாரு, எதிர்ல இருக்கிறவங்க கிளையன்ட் விரும்புவாங்கங்கறதையே நம்பல. அப்ப அந்த ஒரு மணி நேரமும் வேஸ்ட், முதல்ல அதைப் பேசித் தீத்துட்டுதான் அடுத்ததுக்கு வரணும். வாதத்தோட பலம் நீ எவ்வளவு உறுதியா நம்பறேங்கறதுல இல்ல, எதிராளி எதை ஒத்துக்கறான்ங்கறதுல இருக்குன்னு ஒரு தர்க்க நூல் விதியாவே வச்சிருக்கு பாருங்க, டீம் ஒர்க் பத்தி இதைவிட உபயோகமா எனக்கு எந்த ட்ரெயினிங்லயும் யாரும் சொன்னதில்ல. இன்னொண்ணு சாதாரணம். காரணம் ரெண்டு பக்கமும் பொருந்தினா அது எதையும் நிறுவாது. அறவண அடிகள் சொல்ற உதாரணம், சத்தம் அநித்தியம் (நிலையில்லாதது), ஏன்னா அது அறியப்படுது. அறியப்படறது நித்தியமான பொருளுக்கும் பொருந்துமே, அப்புறம் என்ன நிரூபணம்? இன்டர்வியூல "பையன் இங்கிலீஷ் சூப்பரா பேசறான், நல்லா வேலை செய்வான்"னு முடிவு பண்றது அப்படியே இதுதான். நல்லா பேசறவன்ல வேலை தெரிஞ்சவனும் இருக்கான், தெரியாதவனும் இருக்கான்.

இதெல்லாம் சமஸ்கிருதத்துல இருந்து வந்ததுதானேன்னு கேப்பீங்க. ஆமா, சங்கரசுவாமி எழுதினதா சொல்ற நியாயப்பிரவேசங்கற சமஸ்கிருதத் தர்க்க நூலோட இந்தக் காதை ரொம்ப நெருக்கமா போகுது, உதாரணம் வரைக்கும். அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. என் குறை வேற, சாத்தனார் கலைச்சொல்லையெல்லாம் அப்படியே இறக்கிட்டாரு, அநைகாந்திகம், உபயாசித்தம்னு வாயில நுழையாம கெடக்கு. இதைத் தமிழ்ல நாலு பேர் நாக்குல உருளற மாதிரி ஆக்கியிருந்தா இன்னைக்கு டீக்கடையில கூட "இது பனிப்புகைப் பேச்சுப்பா"ன்னு யாராவது சொல்லிக்கிட்டு இருந்திருப்பாங்க. அவர் செய்யல, பின்னால வந்தவங்களும் செய்யல.

ஆனா 30ஆம் காதையில அவரே இதை ஈடு கட்டறாரு. ஒரு கேள்விக்கு நாலு விதமா விடை சொல்லலாம்னு வருது. துணிந்து சொல்லல்: தோன்றினது அழியுமா? அழியும். முடிஞ்சது. கூறிட்டு மொழிதல்: செத்தவன் திரும்பப் பொறப்பானா? பற்று விட்டவனா விடாதவனா, எந்த ஆளைக் கேக்கறே? பிரிச்சுத்தான் பதில் சொல்ல முடியும். வினாவின் விடுத்தல்: முட்டை முந்தியா பனை முந்தியா, முட்டைன்னா இங்க பனங்கொட்டை. பதில், "எம் முட்டைக்கு எப் பனை", எந்தக் கொட்டைக்கு எந்த மரத்தைக் கேக்கறே? நாலாவது வாய்வாளாமை: ஆகாயப்பூ பழசா புதுசான்னு கேட்டா பேசாம இருக்கறது. டிவி விவாதத்துல "ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க"ன்னு கத்தறாங்களே, அங்க கேக்கற கேள்வியில முக்கால்வாசி ரெண்டாவது மூணாவது வகை, அதை முதல் வகையா மாத்தி மிரட்டறதுதான் மொத்த நிகழ்ச்சியே. இதே நூல் முதல் காதையிலயே, புகார்ல இந்திர விழா அறிவிக்கிறப்போ, சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறுங்க, ஆனா பகைவரா இருந்தாலும் "செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்"னு முரசு அறையறாங்க. வாதம் பண்ணு, விரோதம் பண்ணாதேன்னு ஊருக்கே விதி.

இந்தப் பழக்கம் பௌத்தத்தோட நிக்கல. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார்ங்கற சைவ சித்தாந்த நூல்ல பரபக்கத்தை, அதாவது எதிர்த்தரப்பைத்தான் முதல்ல வைக்கிறாரு, 14 எதிர்ச் சமயம், ஒவ்வொருத்தன் மதத்தையும் முதல்ல சொல்லி அப்புறம்தான் மறுப்பு, அதெல்லாம் முடிஞ்சுதான் சுபக்கம், அதாவது தன் தரப்பு. தொல்காப்பிய உரைகள்ல சேனாவரையர் தனக்கு முன்னால உரை எழுதின இளம்பூரணரை "உரையாசிரியர்"னு மரியாதையா சொல்லிக்கிட்டே எடத்துக்கு எடம் மறுப்பாரு. மறுக்கறதுக்காக எடுத்து எழுதினதால பொழைச்ச நூலும் உண்டு: பௌத்தக் காப்பியம் குண்டலகேசி பெரும்பாலும் அழிஞ்சுபோச்சு, மிஞ்சினதுல ஒரு பங்கு அதை எதிர்த்து எழுதின சமண நூல் நீலகேசியோட உரையில இருந்து கிடைச்சது. எதிராளி நேர்மையா மேற்கோள் காட்டினா இப்படியும் நடக்கும்.

சரி, கத்துக்கறதுக்கு வருவோம். நன்னூல், பவணந்தி முனிவர், 13ஆம் நூற்றாண்டு. "ஆசான் உரைத்தது அமைவரக் கொளினும் காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்." வாத்தியார் சொன்னதை நீ முழுசா, ஒழுங்கா வாங்கிக்கிட்டாலும் கால் பங்குதான் சேரும். இன்னொரு கால் கூடப் படிக்கிறவங்களோட பழகறதுல. மிச்ச அரைப் பங்கு? நீ அதை இன்னொருத்தருக்கு ஒழுங்கா எடுத்துச் சொல்றதுல. இந்தப் பங்குக் கணக்கை அளந்து பாத்தா சொன்னாரு, இல்ல, ஆனா எதுக்கு எவ்வளவு வெயிட்னு ஒரு வாத்தியார் பரம்பரை சொல்ற மதிப்பீடு, அதுவும் வாத்தியாருக்கே பாதகமான மதிப்பீடு. நம்ம கிளாஸ்ரூம் இதை அப்படியே கவுத்து வச்சிருக்கு, முக்கால்வாசி நேரம் கேக்கறது, கூடப் படிக்கிறவன் கிட்ட பேசினா தண்டனை, எடுத்துச் சொல்றது செமினார்னு பேருக்கு ஒரு நாள். "வினாதல், வினாயவை விடுத்தல்"னு கேள்வி கேக்கறதையும் பதில் சொல்றதையும் மாணவனோட கடமைப் பட்டியல்லயே சேத்திருக்காரு, சலுகையா இல்ல.

கேள்வி வகையும் அவரே பிரிச்சிருக்காரு, ஆறு. பத்தாம் கிளாஸ் தமிழ் புக்ல இது வருது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. விடை தெரிஞ்சுக்கிட்டே அடுத்தவனுக்குத் தெரியுமான்னு கேக்கறது அறிவினா, நிஜமாவே தெரியாம கேக்கறது அறியாவினா. ஒரு நாள் ஒரு கிளாஸ்ல பின்னாடி உக்காந்து எண்ணிப் பாருங்க, வாத்தியார் கேக்கறது அத்தனையும் அறிவினாவாத்தான் இருக்கும், பசங்க கிட்ட இருந்து அறியாவினா வர்றதே அபூர்வம். வர்றப்போ பெரும்பாலும் பாதித் தமிழ்ல, தயங்கித் தயங்கி வரும். நான் காலேஜ் பசங்களோட உக்காந்தப்போ பாத்தது, டிஸ்கஷன் முழுக்க இங்கிலீஷ்ல நடந்தா தெரிஞ்சவங்க பதில் சொல்லுவாங்க, தெரியாதவங்க சும்மா இருப்பாங்க, எல்லாரும் புரிஞ்ச மாதிரியே தெரியும். "தமிழ்ல கேளுங்கப்பா, இங்கிலீஷ் வார்த்தை கலந்தாலும் பரவால்ல"ன்னு சொன்ன உடனே சந்தேகம் கொட்டும். பதில் சொல்ல அரைகுறை மொழி போதும், ஒரு ஃபார்முலாவைத் திருப்பிச் சொல்லிடலாம், ஆனா தனக்கு எது புரியலைங்கறதைச் சரியா சொல்ல நல்லா கைவந்த மொழி வேணும். தாய்மொழியில படிக்கணும்னு சொல்றதுக்கு நான் பாக்கிற முக்கியமான காரணம் இதுதான், பெருமை கிருமை எல்லாம் அப்புறம்.

நன்னூல்ல எனக்கு ஒட்டாத பகுதியும் இருக்கு. யாருக்குப் பாடம் சொல்லக்கூடாதுன்னு ஒரு நீளப் பட்டியல், அதுல நோயாளியும் மந்தனும் பழைய நூலைப் பாத்து பயந்து தடுமாறறவனும் கூட இருக்கான். பயந்து தடுமாறறவனுக்குச் சொல்லிக்கொடுக்காம வேற யாருக்குச் சொல்றது? மாணவன் வாத்தியாரை நெருப்பு மாதிரி பாத்து, ரொம்ப நெருங்காம ரொம்ப விலகாம, நிழல் மாதிரி கூடவே இருக்கணும்னும் வருது. ஆனா அதே ஆள், நூல் எழுதறவனுக்கு எழுவகை மதம்னு ஏழு நிலைப்பாடு கொடுக்கிறாரு: ஒத்துக்கோ, மறுத்துடு, முதல்ல அடுத்தவன் கருத்தை ஏத்துக்கிட்டு அப்புறம் களை, நீயே ஒண்ணை நாட்டி நிறுத்து, ரெண்டு பேர் முரண்பட்டா ஒரு பக்கம் துணிஞ்சு முடிவெடு, அடுத்தவன் நூல்ல இருக்கிற குத்தத்தைக் காட்டு, யாரோடயும் சேராம உன் கருத்தையே சொல்லு. நிழல் மாதிரி இருந்த மாணவன் எழுத உக்காந்ததும் இந்த ஏழும் அவன் கையில. கோட் ரிவ்யூ பண்றவங்க இந்த ஏழை மானிட்டர் பக்கத்துல ஒட்டி வச்சுக்கலாம், நிறைய பேருக்கு முதல் ரெண்டைத் தவிர வேற தெரியாது.

சேர்ந்து படிக்கறதுக்கு நிஜமான உதாரணம் வேணும்னா உ.வே.சாமிநாதையர். சைவ மடத்துல வளர்ந்த தமிழ், கும்பகோணம் காலேஜ்ல வாத்தியார். சீவக சிந்தாமணிங்கற சமணக் காப்பியம் புரியலன்னதும் அந்த ஊர்ல இருந்த சமணர்களைத் தேடிப்போய் அவங்க வழக்கத்தையும் சொல்லையும் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரு, 1887ல அச்சாச்சு. மணிமேகலைக்கு அந்த வழியும் இல்ல, ஏன்னா கேட்டுத் தெரிஞ்சுக்க தமிழ்நாட்டுல பௌத்தர்களே இல்ல. கூட வேலை பாத்த மளூர் ரங்காசாரியார் இங்கிலீஷ்ல வந்த பௌத்தப் புத்தகங்களைப் படிச்சு இவருக்கு விளக்குவாரு, இவர் அதை மூலத்தோட பொருத்திப் பாப்பாரு, அப்படித்தான் 1898 பதிப்பு வந்துச்சு. தமிழ்ல கரைகண்ட ஒருத்தர், தன் மொழியில இருக்கிற நூலைப் புரிஞ்சுக்க இங்கிலீஷ் படிச்ச சக ஆசிரியர் பக்கத்துல மாணவனா உக்காந்திருக்காரு.

படிக்கணும்னு தோணினா 29ல ஆரம்பிக்காதீங்க, ஓடிப்போயிடுவீங்க. 27 முதல்ல, கதை மாதிரி போகும், அப்புறம் 30ல அந்த வினா விடை வர்ற பகுதி, கடைசியா 29. உரை இல்லாம நகராது. ந.மு.வேங்கடசாமி நாட்டார் உரை 26 காதையோட நின்னுபோச்சு, நமக்கு வேண்டிய கடைசி நாலுக்கும் ஔவை துரைசாமிப் பிள்ளைதான் எழுதினாரு, அதனால ரெண்டு பேர் பேரும் சேர்ந்து போட்ட பதிப்பா பாத்து எடுங்க. கூட ஒருத்தராவது இருக்கட்டும், ஒவ்வொரு போலிக்கும் நூல்ல வர்ற பழைய உதாரணத்தை நீங்க விளக்குங்க, அந்த வாரம் பேப்பர்லயோ வாட்ஸ்அப்லயோ வந்த ஒண்ணை கூட இருக்கிறவர் பொருத்திக் காட்டட்டும், அடுத்த வாரம் மாத்திக்கங்க.